செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாது!

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னிக்கு உக்காந்தது மொக்கை போட இல்லை. ஒரு விஷயம் ஒரு வருஷத்துக்கும் மேல மனசுல முள்ளா உறுத்திக்கிட்டே இருக்கு. அதை இறக்கி வச்சிடலாம்னுதான். விஷயம் என்னன்னா, வீட்டுக்கு வெளியில நடைபாதை ஓரமா போடுறோமே, அந்த லைட்டு. "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு எந்திரிச்சுப் போயிடாதீங்க. இது எங்க அம்மா கதை. உங்க அம்மா கதையாவும் இருக்கலாம்.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க வீடு தென்காசிப் பக்கம். கேட்டுல இருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதை. அப்படியே வீட்டைச் சுத்தி பின்னால போனா துவைக்கிற கல்லு, கிணறு, வெளி பாத்ரூம். மொத்தமா ஒரு 25 மீட்டர் இருக்கும். வீட்டுக்குள்ள பாத்ரூம் கட்டி பல வருஷம் ஆனாலும் எங்க ஆச்சி ராத்திரி வெளி பாத்ரூமுக்குத்தான் போவா. கேட்டா, "வீட்டுக்குள்ளயா போவாவ?"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பா. கையில ஒரு பழைய டார்ச். அதுல பேட்டரி இருக்கும், வெளிச்சம் இருக்காது.

2023 ஜூன்ல ஒரு ராத்திரி துவைக்கிற கல்லுகிட்ட ஒரு கட்டுவிரியன் கிடந்திருக்கு. ஆச்சி கால் வைக்க ஒரு சாண் தூரம்தான். எப்படியோ தப்பிச்சுட்டா. போன்ல அம்மா சொன்னப்போ எனக்கு இங்க சென்னையில கை கால் ஓடலை. கட்டுவிரியன் ராத்திரியில அலையுற ஜாதி. இந்தியாவுல 2000-ல இருந்து 2019 வரைக்கும் பாம்பு கடிச்சு செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர், சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதுல பாதி மழைக்காலத்துல, ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள. அதனால பாதையில லைட்டு போடுறது ஆடம்பரம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஊர்ப்பக்கம் அது உயிர் சமாச்சாரம்.

பொட்டி தட்டுறவன் வேற என்ன பண்ணுவான்? ராத்திரியோட ராத்திரியா ஆன்லைன்ல எட்டு லைட்டு ஆர்டர் போட்டேன். முழங்கால் உயரக் கம்பம், இரும்பு உடம்பு, மேல கண்ணாடி, ஒவ்வொண்ணும் 3 வாட். பெட்டியில 'ஐ.பி.65'னு பெருசா போட்டிருந்துச்சு. ஊர்ல எங்களுக்குப் பழக்கமான ஒரு எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து ஒரே நாள்ல குழி தோண்டி, பைப்பு போட்டு, 230 வோல்ட் லைனை இழுத்து எரிய விட்டுட்டார். அப்பா வீடியோ அனுப்பினார். கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. நானும் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காமிச்சு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஐப்பசி மழை வந்துச்சு. சிக்கலும் கூடவே வந்துச்சு. மழை பெஞ்சா போதும், மொத்த வீட்டுக்கும் கரண்ட் போயிடும். ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகுது. மோட்டார் இல்லை, மிக்சி இல்லை, அப்பா பாக்குற நியூஸ் இல்லை. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு அப்பா அதை மேல தூக்கி விடுவார். அஞ்சு நிமிஷத்துல மறுபடி விழும். கடைசியில அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "ட்ரிப் ஆகக் கூடாது, என்ன செய்வியோ செய்யி"ன்னு சொல்லிட்டார். அண்ணாச்சி வந்தார், அரை மணி நேரத்துல முடிச்சார், எனக்குப் போனும் பண்ணினார்.

"தம்பி, அது ரொம்ப சென்சிட்டிவ். மழைன்னா இப்படித்தான் விழும். தோட்டத்து லைனை மட்டும் அதுக்கு முன்னாலயே எடுத்து விட்டுட்டேன். இனிமே தொந்தரவு இருக்காது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி." அதோட 500 ரூபாய் அனுப்பி வச்சேன். நான் படிச்சது இ.சி.இ.!

அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஒரு தடவை கூட ட்ரிப் ஆகலை. எல்லாருக்கும் சந்தோஷம்.

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். காலையில அம்மா பாதை ஓரத்துல கனகாம்பரத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாங்க. காலில் ரப்பர் செருப்பு. எங்க அம்மா செருப்பு போட்டுத் தோட்டத்துல இறங்கினதை நான் பார்த்ததே இல்லை. துளசி மாடம் இருக்குன்னு வெறுங்காலோடதான் இறங்குவாங்க. "என்னம்மா, திடீர்னு நாகரிகம் ஆயிட்டீங்க"ன்னு கலாய்ச்சேன். அதுக்கு அம்மா கையில ஹோஸோட சாவகாசமா சொன்னாங்க:

"இந்த லைட்டுக் கம்பத்துல கை பட்டா சுர்ருங்குல்லா. ஆடி மாசத்துல இருந்தே இருக்கு. செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாதுல."

அந்த நிமிஷம் என் வயித்துல ஒண்ணு புரண்டுச்சு. டெஸ்டரை எடுத்து கம்பத்துல வச்சேன். எரிஞ்சுது. பட்டப்பகல், லைட்டு ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு, ஆனாலும் எரியுது! மெயினை இறக்கிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது. அன்னிக்கு லைனை மாத்தி எடுத்தப்போ பேஸும் நியூட்ரலும் இடம் மாறிப் போயிருக்கு. ஸ்விட்சு நியூட்ரலைத்தான் வெட்டுது. லைட்டு எரிஞ்சாலும் அணைஞ்சாலும் பேஸ் 24 மணி நேரமும் தோட்டத்துல நின்னுக்கிட்டே இருந்திருக்கு. தண்ணி புகுந்த விளக்குல அது இரும்பு உடம்புக்கு இறங்கியிருக்கு. எங்க அம்மாவுக்கும் அதுக்கும் நடுவுல மூணு மாசமா நின்னது ஒரு ரப்பர் செருப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஈரமான உடம்போட தடையை ஏறக்குறைய 1000 ஓம்னு வச்சுக்குவாங்க. 230 வோல்ட் முழுசா மேல பட்டா 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்துன்னு எடுத்துக்கிறாங்க. வீட்டுல இருக்கிற 6 ஆம்பியர் எம்.சி.பி. இதைத் திரும்பிக் கூடப் பார்க்காது. அதுக்கு ஆறாயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல போனாதான் கவலை. ஒரு மனுஷன் செத்துக்கிட்டு இருக்கிறது எம்.சி.பி. கணக்குல ஒரு சின்ன பல்பு எரியுற மாதிரி. அது வயரைக் காப்பாத்த வந்தது. நம்மளைக் காப்பாத்த வந்தது ஆர்.சி.சி.பி.தான்.

ஆர்.சி.சி.பி. பண்றது ரொம்ப எளிய வேலை. பேஸ்ல எவ்வளவு போச்சு, நியூட்ரல்ல எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கணக்கு பார்க்கும். நம்ம மளிகைக் கடை அண்ணாச்சி ராத்திரி கல்லாவை எண்ணுற மாதிரி. போனதும் வந்ததும் சரியா இருந்தா பேசாம இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா, 'எங்கேயோ ஓடுதுடா'ன்னு கதவைச் சாத்திடும். 30-ல 0.3 வினாடிக்குள்ள, அதுவே அஞ்சு மடங்கு, 150 மில்லி ஆம்பியர்னா 0.04 வினாடிக்குள்ள சாத்தணும்னு தர விதி. ஓடுறது ஈர மண்ணு வழியாவா, எங்க அம்மா வழியாவான்னு அதுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அப்போ, மழையில அது விழுந்தது கோளாறா? இல்லை மக்களே! அந்த வீட்டுலேயே ஒழுங்கா வேலை பார்த்தது அது ஒண்ணுதான். ராத்திரி மூணு மணிக்கு எங்க அப்பாவை எழுப்பி, "வெளியில கரண்ட் கசியுது, வந்து பாருங்க"ன்னு கத்துச்சு. நாங்க வாயில துணியை அடைச்சோம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. விளக்கு போடணும்னு வந்தப்போ எங்களுக்கு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சிக்கல் வந்தப்போ ட்ரிப் ஆகுறதுதான் சிக்கல்னு நினைச்சோம். "கசியக் கூடாது"ன்னு யாரும் கேக்கலை, "விழக் கூடாது"ன்னுதான் கேட்டோம். கேட்டது கிடைச்சுது.

அண்ணாச்சியைத் திட்டி நாலு பாரா எழுதலாம். அவர் செஞ்சது தப்பு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா அவருக்கு நாம எதுக்குக் காசு கொடுக்கிறோம்? எரிஞ்சா காசு. எங்க கசியுதுன்னு எட்டு விளக்கையும் கழட்டிப் பார்க்க ஒரு முழு நாள் ஆகும். அதுக்குக் கூலி கேட்டா, "ஒரு வயரைப் பார்க்கவா இவ்வளவு"ன்னு பேரம் பேசியிருப்போம். நான் பேசியிருப்பேன். விளக்கு வாங்கினவன் நான். இரும்பு உடம்பு, உள்ள ரெண்டே ரெண்டு வயர், எர்த் மாட்ட ஒரு திருகு கூட இல்லை. அதைப் பார்க்காம ஸ்டார் ரேட்டிங் பார்த்து வாங்கினவனும் நானேதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆபீஸ்ல ரிலீஸுக்கு முந்தின நாள் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகுது. ராத்திரி பதினொரு மணி. என்ன பண்ணுவோம்? நம்மள்ல எத்தனை பேர் அந்த டெஸ்ட்டை கமெண்ட் போட்டு மூடிட்டு, 'அப்புறம் பார்க்கலாம்'னு எழுதி வச்சிருக்கோம்? நான் வச்சிருக்கேன். அண்ணாச்சி பண்ணினதும் அதேதான். என்ன, என் கோடு விழுந்தா ஒரு கஸ்டமர் மெயில் அனுப்புவான். அவர் கோடு விழுந்தா வீட்டுல ஒரு ஆள் குறையும். மின்சாரம் தாக்கி செத்தவங்க 2019, 2020, 2021 மூணு வருஷத்துலயும் வருஷத்துக்கு 12,000 பேருக்கு மேலன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு. பாம்புக்குப் பயந்து லைட்டு போட்டு, பாதையில இன்னொரு பாம்பைக் குடி வச்ச கதை எங்களுது.

சரி, புலம்பினது போதும். அப்புறம் என்ன பண்ணினோம்னு சொல்றேன். யாருக்காவது உதவும்.

2025 பொங்கல் லீவுல நானும் அப்பாவும் எல்லாத்தையும் தோண்டி எடுத்தோம். எட்டு விளக்குல நாலுல உள்ள தண்ணி. ஐ.பி.65 பொய்யான்னு கேக்காதீங்க. முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. 5-னா பீச்சி அடிக்கிற தண்ணியைத் தாங்கும், அவ்வளவுதான். தேங்குற தண்ணிக்குள்ள கிடந்தா தாங்கும்னு அர்த்தமில்லை. அதுக்கு 7 வேணும், அதுவும் ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம்தான் கணக்கு. அதோட, அந்த எண் விளக்குக்குத்தான். விளக்குல இருந்து வர்ற வயரை நாம எப்படி ஒட்டுப் போடுறோம்கிறது நம்ம பாடு. எங்க வீட்டுல எட்டு ஒட்டும் கறுப்பு டேப்பு சுத்தினது, எட்டும் மண்ணுக்குள்ள. டேப்பு ஈர மண்ணுல ஒரு மழை தாங்கும், ரெண்டு மழை தாங்கும். பைப்போட வாய் மூடாம இருந்ததால உள்ள கால்வாய் மாதிரி தண்ணி வேற.

இந்தத் தடவை 12 வோல்ட்டுக்கு மாறினோம். நீச்சல் குளத்துக்குள்ள எரியுற விளக்குக்கே 12 வோல்ட்தான். ஈர மண்ணு, வெறுங்காலு, ஹோஸ் தண்ணி எல்லாம் இருக்கிற தோட்டத்துக்கு ஏன் 230-ஐ அனுப்பணும்? பிரிச்சுக் கொடுக்கிற ட்ரான்ஸ்பார்மர் ஒண்ணு வராந்தாவுல, ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால இருக்கு. 12 வோல்ட்னு போட்டிருந்தா மட்டும் போதாது, 230 பக்கத்தோட ஒட்டு உறவு இல்லாத ட்ரான்ஸ்பார்மரா இருக்கணும். மலிவான சில டிரைவர்கள்ல அந்தப் பிரிவினையே கிடையாது. இதைக் கேட்டு வாங்குங்க.

12 வோல்ட்ல ஒரு தலைவலி உண்டு. மொத்தம் 24 வாட். 230-ல அது 0.1 ஆம்பியர்தான், 12-ல 2 ஆம்பியர். வயர்லயே வோல்ட் கரைஞ்சிடும். கடையில 0.75 சதுர மி.மீ. வயரு போதும்னாங்க. எனக்கும் கணக்கு போட சோம்பேறித்தனம் (இ.சி.இ.ன்னு சொன்னேன்ல). போட்டுப் பார்த்தா கேட்டுப் பக்கம் இருக்கிற கடைசி விளக்கு தூங்கி வழியுது. அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். அந்த வயருக்குக் கிலோமீட்டருக்கு 25 ஓம் மாதிரி வரும். 25 மீட்டர் போய்த் திரும்பி வர 50 மீட்டர், அதாவது 1.25 ஓம். எட்டு விளக்கும் கடைசியில இருந்தா 2.5 வோல்ட் போச்சு. வழியெல்லாம் பரவி இருக்கிறதால ஏறக்குறைய 1.4. 2.5 சதுர மி.மீ. வயருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம்தான். அதுல நஷ்டம் அரை வோல்ட்டுக்கும் கீழ. வயரை மாத்தினோம். லைனோட நடுவுல கரண்ட் கொடுத்து ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டா அதுலயும் கால்வாசிதான். 1882-ல நியூயார்க்ல டி.சி. கரண்ட் கொடுக்க ஆரம்பிச்ச எடிசன் பட்ட பாட்டை எங்க தோட்டத்துல 25 மீட்டர்ல பட்டுட்டேன் :-)

இன்னொரு எச்சரிக்கை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனா சுடும். ரெண்டு வயரும் ஒட்டிக்கிட்டா ட்ரான்ஸ்பார்மர் தன்னால முடிஞ்ச கரண்டை எல்லாம் கொட்டும், வயர் உருகும். அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஃபியூஸ் போடுங்க.

பைப்பை மம்பட்டி வெட்டு எட்டாத ஆழத்துல, ஒன்றரை அடிக்கும் கீழ இறக்கினோம். மேல மணலு, அதுக்கு மேல வரிசையா செங்கல். நாளைக்கு யாராவது வாழைக்குக் குழி வெட்டினா முதல்ல செங்கல் தட்டும். மண்ணுக்குள்ள ஒட்டே கிடையாது, எல்லா ஒட்டும் தரைக்கு மேல பெட்டிக்குள்ள. 230 பக்கத்தை நான் தொடலை. லைசென்ஸ் இருக்கிற வேற ஒருத்தரைக் கூப்பிட்டு, தோட்டத்து லைனை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால கொண்டு வந்து, எர்த்தையும் பார்க்கச் சொன்னோம். எர்த் குழி கோடையில காஞ்சு கிடந்திருக்கு. எத்தனை வருஷமா தண்ணி ஊத்தலையோ!

"சோலார் வச்சா போச்சே, எதுக்கு இவ்வளவு பாடு?"ன்னு கேப்பீங்க. வெயில் அடிக்கிற ஊருக்கு, கேட்டு மேல ஒரு விளக்குக்கு, தாராளமா வைங்க. எங்க ஊர்ல ஜூன்ல இருந்து சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை, பாதைக்கு மேல மாமரம். பாம்பு வர்ற மாசத்துல ஏழு மணிக்கே அணைஞ்சு போற விளக்கு எனக்கு எதுக்கு?

எல்லாம் முடிச்சு ராத்திரி லைட்டைப் போட்டோம். ஆச்சி வந்து நின்னு பார்த்தா. பாராட்டுவான்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். "ஏல, கண்ணுல அடிக்குல்லா. தரை எங்க தெரியுது?"ன்னா. அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. விளக்கு தெரியணும்னு வச்சிருந்தோம், பாதை தெரியணும்னு வைக்கலை. மறுநாள் தகரத்துல தொப்பி வெட்டி மாட்டி வெளிச்சத்தைக் கீழ திருப்பி விட்டோம். இப்போ விளக்கு கண்ணுக்கே தெரியாது, கல்லும் இலையும் தெளிவாத் தெரியும். அப்பா இப்ப வீடியோ எடுத்தா கல்யாண வீடு மாதிரி இருக்காது. பரவாயில்லை.

படிச்சதோட நிறுத்தாம ஒரு வேலை பண்ணுங்க மக்களே. உங்க வீட்டு மீட்டர் பெட்டிகிட்ட போய், ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்குங்க. விழுந்தா நல்லது, மாசம் ஒரு தடவை இதையே பண்ணுங்க. விழலைன்னா அன்னிக்கே ஆளைக் கூப்பிடுங்க. இல்லவே இல்லைன்னா அதுதான் உங்க அடுத்த செலவு, அலங்கார விளக்கு இல்லை. அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யைத்தான் சோதிக்கும், உங்க எர்த்தை இல்லை. அதைத் தனியாப் பார்க்கச் சொல்லுங்க. வீட்டுல மோட்டாரோ, விளக்கோ ஒரு லைன் மட்டும் அதுக்கு முன்னாலயே எடுத்து விட்டிருக்கான்னும் கேளுங்க. எங்க வீட்டுல பட்டனை அமுக்கியிருந்தா அது டாண்ணு விழுந்திருக்கும். தோட்டத்துல மட்டும் எமன் உக்காந்திருப்பான்.

அப்புறம் அம்மாகிட்ட ஒரு வார்த்தை: "எங்கேயாவது சுர்ருங்குதா?" நாமளா கேட்டாதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு அது புகார் இல்லை, பழகிப் போன விஷயம்.

எங்க அம்மா இப்போ மறுபடி வெறுங்காலோடதான் கனகாம்பரத்துக்குத் தண்ணி விடுறாங்க. அந்த ரப்பர் செருப்பை நான்தான் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன்.

டிஸ்கி: ரிலீஸுக்கு முந்தின நாள் நான் மூடி வச்ச அந்த டெஸ்ட்டைப் பொங்கல் லீவு முடிஞ்சு போன முதல் நாளே திறந்துட்டேன். நிஜமாவே ஒரு பக் இருந்துச்சு :-(